கேப்டனுக்கு நான் போட்டுக்கொடுத்த வேலை

பிப்ரவரி 3, திங்கள்

எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். அக்கா மகள் எழுதிய விண்கல நாவல் அச்சாகி வந்த அன்றைக்கே, "இதுக்கு ரெண்டாம் பாகம் கேட்டு ஆள் வரும் பாரு" என்றேன். இன்றைக்கு வந்துவிட்டது. பதிப்பகத்து அம்மாவே போன் பண்ணிக் கேட்டார்களாம்.

என் வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. "நேத்து மழை வரும்னுகூடத்தான் சொன்னீங்க" என்கிறாள். வந்ததே. பக்கத்து ஊரில்.

அந்த நாவலை நூறு தடவை படித்திருப்பேன். சரி, மூன்று. நாலு பேர் போன கலம் பாதி வழியில் உடைந்துபோகிறது. அதை ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டு, ஒருத்தரையும் இழக்காமல் வீடு வந்து சேர்கிறார்கள். என் தோளில் உட்கார்ந்து என் முடியைப் பிய்த்த பெண் எழுதினது. விமானத் துறையில் ஊறிப்போன எனக்கே கண் கலங்கிவிட்டது.

பிப்ரவரி 5

விமானத் துறை என்று எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்காரி சிரிக்கிறாள். கட்டடத்திலிருந்து விமானத்தின் படிக்கட்டு வரைக்கும் பயணிகளைக் கொண்டுபோய் விடுகிற பஸ் யாருடையது? நான் கொண்டுவந்து விடாவிட்டால் பைலட் யாரை ஏற்றிக்கொண்டு பறப்பார், காற்றையா?

பிப்ரவரி 11

அக்கா மகள் வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. கதைச் சுருக்கத்தைப் பார்த்துவிட்டு பதிப்பகத்து அம்மா, "இது கதையா, பதவி உயர்வு அறிவிப்பா?" என்று கேட்டார்களாம். கேட்க மாட்டார்களா? கேப்டன் தளபதி ஆகிறார், டாக்டரம்மா மந்திரி ஆகிறார், மெக்கானிக் பல்கலைக்கழகத் தலைவர், ரேடியோக்காரி தூதுவர். மாசக் கடைசிக்குள் உருப்படியாக ஏதாவது வராவிட்டால் இரண்டாம் பாகத்தை வேறு ஒருவரை வைத்து எழுதிக்கொள்வார்களாம். இவள் பெற்ற பிள்ளைகளை எவனோ வளர்ப்பதா?

"இவ்வளவு பெரிய காரியம் பண்ணிட்டு வீட்டுக்கு வந்தவங்க, அப்புறம் என்ன வேலைக்குத்தான் போவாங்க மாமா? எனக்கு ஒண்ணும் ஓடல."

என்னிடம் கேட்டாள். பட்டப்படிப்புப் படித்தவள், எட்டாவதோடு நின்ற என்னிடம்.

பிப்ரவரி 12

யோசனைகளை அள்ளி வீசினேன். ரேடியோக்காரியைப் புகார் கேட்கிற ஆபீசில் உட்கார வை என்றேன். பதிலே வராத ரேடியோவில் வருஷக்கணக்காகப் பேசினவள், அவளைவிடப் பொறுமைசாலி யார் இருக்கிறார்கள்? மெக்கானிக் லிஃப்ட் ரிப்பேருக்குப் போவான். மூச்சுக்காற்று எந்திரத்தைச் செருப்பு வாரால் இழுத்துக் கட்டினவன் அவன். உள்ளே சிக்கிக்கொண்டவர்களுக்கு வெளியே இருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை பார்ப்பான். டாக்டரம்மா பிரசவ ஆஸ்பத்திரிக்கு. அத்தனை வருஷம் குழந்தை அழுகிற சத்தமே கேட்காதவர் இல்லையா?

விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தாளே தவிரப் பேனாவை எடுக்கவில்லை.

"கேப்டனுக்கு?"

"யோசிச்சுச் சொல்றேன். அவர் சாதாரண ஆள் இல்ல."

பிப்ரவரி 19

இன்றைக்கு என் பஸ்ஸில் யார் ஏறினார் தெரியுமா? நிஜ விண்வெளி வீரர். மேலே போய் வந்தவர். கூட வந்த அதிகாரிகள் ஒதுங்கி நிற்க, நேராக என்னிடம் வந்து தோளில் கை போட்டார். "தம்பி, மேல போனப்புறம் என் கண்ணுல நின்னது மலையும் இல்ல, கடலும் இல்ல. என்னைக் கலம் வரைக்கும் கொண்டுவந்து விட்ட டிரைவர் முகம்தான். பூமியில நான் கடைசியாப் பார்த்த முகம் அது. அந்த ஆள் சிரிச்சுக்கிட்டு நின்னார். அதுதான் என்னைத் திருப்பிக் கொண்டாந்துச்சு" என்றார்.

சாயங்காலமே போய் அக்கா மகளிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. "அவரேவா சொன்னார்?" என்றாள். பேனாவை எடுத்துவிட்டாள்.

பிப்ரவரி 27

ஜெயித்துவிட்டாள்.

கதையில் பெரிய கலம் தருகிறோம் என்கிறார்கள். கேப்டன் வேண்டாம் என்கிறார். புதுசாகப் போகிற பிள்ளைகளைக் கலம் வரைக்கும் கொண்டுபோய் விடுகிற வண்டியை ஓட்டக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். கதவு மூடி, புகை அடங்கி, வானத்தில் ஒரு புள்ளிகூட மிச்சமில்லாமல் போகிற வரைக்கும் நிற்கிறார். முதல் அத்தியாயமே அதுதான். படித்துவிட்டுப் பதிப்பகத்து அம்மா உடனே போன் பண்ணினார்களாம். "நீயே எழுதும்மா, வேற யாராலயும் ஆகாது" என்றார்களாம்.

பிரசவ ஆஸ்பத்திரியும் லிஃப்டும் புகார் ஆபீசும்கூட இருக்கின்றன. எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாள். நான் வாயால் அள்ளி வீசினதை அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி உயிர் கொடுத்திருக்கிறாள். எங்கிருந்து வந்தது இந்தக் கை இவளுக்கு? எங்கள் பக்கத்திலிருந்துதான்.

ஏப்ரல் 9

எழுதுகிறாள். நான் தொந்தரவு பண்ணுவதில்லை. நேற்று மட்டும் ரெண்டு தடவை போன் பண்ணினேன்.

ஆகஸ்ட் 20, புதன்

புத்தகம் வந்துவிட்டது. முன்பக்கத்தில் நன்றி போட்டிருக்கிறாள்: "கடைசியாகப் பார்த்த முகத்தைப் பற்றி என் மாமாவிடம் சொன்ன அந்த விண்வெளி வீரருக்கு."

வீட்டுக்காரி இரண்டு தடவை படித்துவிட்டு, "உங்க பேரைக் காணோம், இன்னும் சண்டைக்குக் கிளம்பலையா?" என்றாள்.

"மாமான்னு இருக்குல்ல. விடு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். உடம்பு சரியில்லையோ என்று நினைத்திருப்பாள்.

செப்டம்பர் 2

டிரைவர்கள் ஓய்வறையில் அந்தப் பக்கத்தை ஒருத்தர் சத்தம் போட்டுப் படித்தார். புதுசாகச் சேர்ந்த டிரைவர், "நிஜமாவா அண்ணே, நம்மளப் பத்தியா அப்படிச் சொன்னார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மத்தியானம் பார்க்கிறேன், அவர் வண்டியை விட்டு இறங்கி, கடைசிப் பயணி படியேறுகிற வரைக்கும் சிரித்த முகமாக நிற்கிறார். அடுத்த வண்டிக்காரரும் அப்படியே.

இந்த நோட்டிலேயும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். இங்கேயாவது சொல்லிவிடுகிறேன். அவர் என் பஸ்ஸில் ஏறியது சத்தியம். என்னிடம் பேசியதும் சத்தியம். கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டார், கை காட்டினேன், போய்விட்டார். நான் சொன்னதாகச் சொல்லியிருந்தால், "கேப்டனுக்கும் உங்க வேலைதானா மாமா?" என்று அக்கா மகள் சிரித்துவிட்டுப் போயிருப்பாள்.

முகத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது நான் சொன்னது.