ஹருகா ஏன் கூப்பிடவில்லை

மிட்சம், லண்டன்
ஞாயிறு, பூசைக்குப் பிறகு

அன்பு மகள் பிறேமினிக்கு,

ஆண்டவர் காவலில் ஒசாகாவில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவும் நானும் சுகம், என் வலது மணிக்கட்டு மட்டும் வீங்கிக் கிடக்கிறது, பக்கத்து வீட்டுக்காரனை அடித்ததில் வந்த வீக்கம். பயப்படாதே, சேதம் அவனுக்குத்தான் அதிகம்.

அவன் மனைவி ஹருகாவை உனக்குத் தெரியும், இரண்டு வயது ரென்னின் தாய். சின்னப் பிள்ளைகள் உள்ள ஜப்பான் தாய்மார் தங்களுக்கு எவ்வளவு துணை இருப்பதாக நினைக்கிறார்கள் என்று நீ அங்கே படிப்புக்காக அளக்கிறாயே, அந்தக் கேள்விகளை இவளிடமும் கேட்டுப் பார்க்கச் சொன்னாய், கேட்டேன். ஆபத்தில் கூப்பிட ஆள் உண்டா என்றதற்கு எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவரைத் தொட்டுக் காட்டி, நீங்கள் இருக்கிறீர்களே என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, கோயிலில் என் சினேகிதி கிளறிற்றாவிடமும் சொல்லித் திரிந்தேன். அந்தச் சுவரில்தான் அவன் அவளுடைய தலையை மோதியிருக்கிறான் பிள்ளை. சுவரில் சத்தம் கேட்கும் ஒவ்வொரு முறையும் மறுநாள் அவள் ஒரு டப்பாவில் இனிப்போடு வந்து குனிந்து, மகன் துள்ளி விளையாடிவிட்டான், மன்னியுங்கள் என்பாள். வெறும் டப்பாவையா திருப்பிக் கொடுப்பது என்று நானும் றோல்ஸ் பொரித்து நிரப்பி அனுப்புவேன்.

செவ்வாய் பின்னேரம் இடியப்பம் பிழிந்துகொண்டு நிற்க, அந்தச் சுவரில் இருந்த இயேசுவின் திருஇருதயப் படம் விழுந்து சிதறியது. ரென் அலறினான். கையிலிருந்த இடியப்ப உரலோடு ஓடினேன். கதவு திறந்திருந்தது. ஹருகாவின் முடியைக் கையில் சுற்றிப் பிடித்து வாயிலே குத்திக்கொண்டிருந்தான் அந்த மிருகம், அவள் பல்லொன்று தரையில் கிடந்தது. அந்த உரலால் அவனுக்குத் தோள், முழங்கை என்று பார்க்காமல் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டும் இன்னொன்று போட்டேன். அப்பா வந்து பிடித்திராவிட்டால் கொலை விழுந்திருக்கும். பொலிஸ் அவனைக் கொண்டுபோய்விட்டது, என்னையும் விசாரிக்கிறார்கள், அதை உன் அண்ணன் நிர்மலன் பார்த்துக்கொள்கிறான்.

தாயும் மகனும் இப்போது உன் அறையில்தான். ஏனடி என்னை ஒருக்காலும் கூப்பிடேல்லை என்று கத்திவிட்டேன். தையல் போட்ட வாயால் மெல்லச் சொன்னாள், கூப்பிட ஆள் இருக்கு எண்டு நினைச்சால்தான் எனக்கு நித்திரை வரும், கூப்பிட்டு நீங்கள் வராமல் விட்டால் அதுவும் போயிடும் எண்டு. நான் றோல்ஸ் கொடுத்தனுப்பியதை, மன்னித்துவிட்டேன், இனி அந்தக் கதை வேண்டாம் என்பதாக எடுத்திருக்கிறாள். உன் படிப்பைக் குறை சொல்லவில்லை, ஆனால் உன் கணக்கில் இவளுக்கு முழுப் புள்ளி. கடைசியாக எப்போது கூப்பிட்டீர்கள் என்றும் அந்தத் தாய்மாரிடம் கேள்.

இன்று காலை நான் குளித்துக்கொண்டிருக்க, ரென் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டான். அன்ரி, ஓடி வாங்கோ என்று தெருவே கேட்க ஹருகா கத்தினாள். தலையில் நுரையோடு ஓடினேன், சந்தோசத்தில் அழுகையும் வந்துவிட்டது.

அந்தோனியார் உன்னைக் காப்பாராக. நேரத்துக்குச் சாப்பிடு. நீயும் போனில் இங்கை எல்லாரும் இருக்கினம் அம்மா என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாய். ஒன்றென்றால் என்னைக் கூப்பிடு மகள், கூப்பிட்டுத்தான் பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
இம்மாகுலேற்