எரிகிறது என்று அமைச்சர் சொன்ன விளக்கு

அக்கா,

இன்று காலை ஒரகடம் கூட்டு ரோட்டில் வேனை ஓரங்கட்டிவிட்டு டீக்குக் கை நீட்டினேன். கடை டிவியில் ஓர் அமைச்சர் எழுந்து, "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே" என்றார். அவ்வளவுதான், பூண்டுச் சட்னி தாளிக்கிற வாசனை என் மூக்கில் ஏறிவிட்டது. அந்தக் கடையில் பூண்டும் கிடையாது, சட்னியும் கிடையாது. இரண்டு பிஸ்கட் பாட்டிலும் ஒரு கோடி ஈயும்தான் உண்டு. உங்கள் மெஸ்ஸில் கேள்வி நேரமும் பூண்டுச் சட்னியும் பல வருஷம் ஒரே அடுப்படியில் வெந்ததால், என் மூக்குக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போய்விட்டது.

நீங்கள் மாதா கோயில் கல்லறைத் தோட்டத்துக்குக் குடிபோய் ஓர் ஈஸ்டரும் கடந்துவிட்டது. அங்கே டிவி வசதி எப்படி என்று தெரியாது. ஆகவே இங்கே நடப்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர வேண்டியது, கம்பெனிப் பிள்ளைகளை ஷிஃப்டுக்கு ஏற்றி இறக்கும் இந்த வேன்காரனின் வரலாற்றுக் கடமை ஆகிறது.

சேரப்பணஞ்சேரிப் பக்கம், பெண்கள் ஹாஸ்டலுக்கு எதிரே, தகரக் கூரை போட்ட உங்கள் மெஸ்ஸைப் போல ஒரு சபை பூமியில் இருந்ததில்லை. தென்காசி, விருதுநகர், ராமநாதபுரம் என்று திசைக்கொரு பிள்ளையாக நைட் ஷிஃப்ட் முடித்துத் தூக்கக் கண்ணோடு இட்லிக்கு உட்காரும். சட்டசபை நடக்கும் நாட்களில் நீங்கள் டிவியைப் போடுவீர்கள். சீரியல் கேட்ட பிள்ளைகளுக்கு ஒரே பதில்தான்: "இதுலயும் அழுவாங்க, சிரிப்பாங்க, பொய் சொல்வாங்க. கம்முனு பாரு." அமைச்சர் "பரிசீலனையில் உள்ளது" என்றதும் கரண்டியால் அண்டாவை ஒரு தட்டு தட்டுவீர்கள். அந்தச் சத்தத்தில் ஸ்ரீபெரும்புதூரில் லாரிகள் பிரேக் போட்டதாகக் கேள்வி.

உங்கள் சபைக்கு ஒரு சட்டமும் இருந்தது. வேண்டியதை முதலில் சொல்ல வேண்டும். புகழ்வது, குழைவது எல்லாம் கை கழுவிய பிறகு. "அக்கா, உங்க கைமணத்துக்கு ஒரு கோயிலே கட்டலாம்" என்று நான் ஆரம்பித்தால், "இன்னா வேணும்? வடையா? அத்த சொல்லு மொதல்ல" என்று வெட்டிவிடுவீர்கள்.

தென்காசிப் பிள்ளை பேச்சியம்மாளின் கழுத்துச் சங்கிலி போனது அப்போதுதான். ஹாஸ்டலிலிருந்து, என் வேனில் இடம் கிடைக்காதவர்கள் ஏறும் கம்பெனி பஸ் நிற்கும் இடம் வரை ஏரிக்கரை ஓரமாக ஒரு ரோடு. வரிசையாகக் கம்பங்கள் நின்றன, ஒன்றிலும் வெளிச்சம் இல்லை. விடியுமுன்னே முதல் ஷிஃப்டுக்குப் போன பிள்ளையைப் பைக்கில் வந்த இருவர் இழுத்துத் தள்ளிவிட்டுப் போனார்கள். மணிக்கட்டு முறிந்தது. கம்பத்தின் மேல் கேமரா ஒன்று இருந்தது. பார்த்தால் அதன் வயர் எதிலும் மாட்டாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு காக்கை அதன் மேல் குடும்பம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்திருந்தது.

சங்கிலிக்காகக்கூட அவள் அவ்வளவு அழவில்லை. "ஊர்ல தெரிஞ்சா வேலைய விட்டுட்டு வான்னு கூட்டிட்டுப் போயிருவாங்கக்கா" என்றாள். ஊருக்குப் போனால் கல்யாணம். இங்கே இருந்தால் அவள் கையில் சம்பளம், அவள் பெயரில் ஒரு தபால்வழிப் படிப்பு. அந்த இருட்டு ரோடு அவளைப் போன்ற பிள்ளைகளை ஒவ்வொருத்தியாக ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. "எவளும் போக வேணாம். லைட்டு வரும்" என்றீர்கள். எந்தத் தைரியத்தில் சொன்னீர்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மண்ணூரில் தண்ணீர்த் தொட்டி திறக்க வந்த எம்எல்ஏவின் கார் கண்ணாடிக்குள் நீங்கள் தலையை விட்டீர்கள். மனிதர் மிரண்டுபோய், "யக்கா, கண்டிப்பா சபையில கேக்கறேன்" என்றார். சொன்னபடி வினாவும் கொடுத்தார். நல்ல மனிதர்தான். அவர் உங்கள் மெஸ்ஸில் சாப்பிட்டதில்லை என்பது ஒன்றே குறை.

அந்தக் காலை நினைவிருக்கிறதா? மெஸ்ஸில் இடமில்லாமல் பிள்ளைகள் ஜன்னல் கம்பியில் காய்த்துத் தொங்கினார்கள். நம் தொகுதி வினா வந்தது. அமைச்சர் எழுந்து படித்தார். தொழிற்சாலைப் பகுதியில் இத்தகைய குற்றங்கள் குறைந்துள்ளன. தெருவிளக்குகளும் கேமராக்களும் அமைக்கப்பட்டு நல்ல முறையில் இயங்கி வருகின்றன. அதற்கான நிதி முழுவதும் செலவிடப்பட்டுவிட்டது.

"டேய், நம்ம ரோடாடா சொல்றாரு?" என்று என்னைக் கேட்டீர்கள்.

"வேற ஏதாச்சும் சேரப்பணஞ்சேரி நிலாவுல இருக்கோ என்னவோ" என்றேன்.

அடுத்து நம்மவர் துணைக் கேள்வி கேட்க வேண்டும். "விளக்கு எரியவில்லையே, செலவு எங்கே போனது?" என்பதுதான் கேள்வி. காரிலேயே பாடம் பண்ணிக் கொடுத்திருந்தீர்கள். மனிதர் எழுந்தார். கட்சித் தலைவருக்கு நன்றி சொன்னார். தலைவரை ஈன்ற தாய்க்கு, அமைச்சருக்கு, கொறடாவுக்கு, வாக்களித்த மக்களுக்கு நன்றி சொன்னார். சூரிய சந்திரருக்கு வருமுன் பேரவைத் தலைவர், "கேள்விக்கு வாங்க" என்றார். "வருகிறேன் ஐயா" என்று சொல்லி அவருக்கும் நன்றி சொன்னார்.

"யோவ், அத்த கேளுய்யா!" என்று நீங்கள் டிவியைப் பார்த்துக் கத்தினீர்கள். "கேள்வி கேக்கறானா, கல்யாணப் பத்திரிக படிக்கிறானா?"

"உறுப்பினர் உட்காருங்க. அடுத்த வினா."

முடிந்தது. மாவுக்கட்டுப் போட்ட கையோடு பேச்சி எழுந்து நின்றாள். "நம்ம ரோட்டப் பத்திக் கேக்கவே இல்லியேக்கா."

டிவியை அணைத்தீர்கள். நீங்கள் வைத வசவுகளை எழுதினால் என் போன் உருகிவிடும். ஆனால் கொஞ்ச நேரத்தில் உங்கள் முகம் மாறியது. "அந்தாளு கேக்காட்டி போறான். அமைச்சரு பதில் சொல்லிட்டாருல்ல? எரியுதுன்னுட்டாருல்ல? வண்டிய எடு."

வேன் நிறையப் பிள்ளைகளோடு போய் இறங்கினோம்; விளக்குக்குப் பொறுப்பான அந்த அலுவலகம் எதுவென்று நான் சொல்ல மாட்டேன். என் வேனுக்கு எஃப்.சி. எடுக்க வேண்டியிருக்கிறது. அங்கே இருந்த அதிகாரி, "இப்ப ஃபண்டு இல்லம்மா. டெண்டர் வரணும்" என்றார்.

"டெண்டரு எதுக்கு சார்? அதான் லைட்டு எரியுதாமே. துட்டும் செலவு பண்ணியாச்சாமே. இப்பதான் அமைச்சரு சபையில சொன்னாரு."

"அங்க எதுவும் எரியலைம்மா."

"அப்ப அமைச்சரு பொய் சொன்னாருன்றீங்களா?"

"ஐயோ, நான் எப்பம்மா அப்டி சொன்னேன்?"

"இப்பதான் சொன்னீங்க. இவங்கள்லாம் சாட்சி. சபையில தப்புத் தகவல் போனா, எழுதிக் குடுத்தது யாருன்னு மேல கேப்பாங்களாமே? நான் படிக்காதவ. நீங்களே சொல்லுங்க, யார கேப்பாங்க?"

அந்த அதிகாரியின் முகத்தில் ஓடிய வியர்வையைப் பிடித்துவைத்திருந்தால் செம்பரம்பாக்கம் ஏரி இன்னொரு தரம் நிரம்பியிருக்கும். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வாரமே ஏணி வந்தது, ஆள் வந்தான், விளக்கு எரிந்தது. ஏரிக்கரையில் அப்படி ஒரு வெளிச்சம். மீனெல்லாம் தூங்க முடியாமல் புகார் கொடுத்ததாகப் பேச்சு. நான் வெடி வாங்கி வந்தேன். நீங்கள் கம்பத்து உச்சியைக் காட்டி, "அது இன்னும் குருடாத்தான் கீது. வெடிய உள்ள வை" என்றீர்கள். ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தபோதும், நான் ஆரஞ்சுப் பழத்தை நீட்டினால், "கேமரா இன்னாச்சு?" என்றுதான் கேட்டீர்கள். பழத்தை நானே உரித்துத் தின்றேன்.

அக்கா, போன வாரம் அதே ரோட்டில் பட்டப்பகலில் இன்னொரு பிள்ளையின் சங்கிலி போயிற்று. கேமராவில் எதுவும் பதிவாகவில்லை என்றார்கள். இன்று காலை டிவியில் எழுந்த அமைச்சர் என்ன சொன்னார் தெரியுமா? நம் பகுதியில் கேமராக்கள் அனைத்தும் முழுமையாக இயங்கி வருகின்றனவாம். செலவும் ஆகிவிட்டதாம்.

அண்டாவைத் தட்ட நீங்கள் இல்லை. குன்றத்தூர் மலையைப் பெயர்த்து அந்த டிவி மேல் போடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஹாஸ்டல் வாசலில் வேனை நிறுத்தி ஹாரன் அடித்தேன். பேச்சி இப்போது கம்பெனியில் லைன் லீடர். இன்று அவளுக்கு ஆஃப். முதலில் ஏறியவள் அவள்தான். சங்கிலியைப் பறிகொடுத்த பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

இதை அந்த அலுவலகத்துப் பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அதிகாரி புதியவர். பேச்சி அவர் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டாள்:

"சார், கேமரா நல்லா ஓடுதுன்னு அமைச்சர் சொல்லிட்டாரு. போன வாரம் இந்தப் பிள்ள நடந்துபோன படத்தக் காட்டுங்க. பாத்துட்டுப் போயிருதோம்."

"நாளைக்கு வாங்கம்மா."

"நாளைக்கு எங்களுக்கு ஷிஃப்ட் இருக்கு சார். இன்னைக்குத்தான் லீவு."

அவர் பேச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசல் வரை நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தார். பாதை இல்லாததால் உட்கார்ந்துவிட்டார். இப்போது போனை எடுத்து யாரிடமோ, "அந்த ஏரிக்கரை கேமரா, அதான்யா, அதுல நெசமாவே எதுனா தெரியுதா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பேச்சி நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.