எனக்குப் பேரு இருக்குங்க

இன்று பண்டாரவளைச் சந்தையில் யாரோ நனைந்த சாக்கை உதறினார்கள். அந்த வாடை என்னை நம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. காலை மழையில், இடுப்பில் ஈரச் சாக்கோடு, எந்த மலையில் கொழுந்து பறிக்க அனுப்புவார்களோ என்று காத்து நிற்கிறோம். பக்கத்தில் என் சிநேகிதி நீ.

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்களை வேலைக்கு அனுப்பப் புதிதாக வந்த கணக்கப்பிள்ளையும் நம்மை "ஏய்" என்றுதான் கூப்பிட்டார். எனக்கு அது தப்பாகவே படவில்லை. என் அம்மாவையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அடங்கிப் போவது என் சுபாவம் என்றே நம்பியிருந்தேன்.

ஒரு நாள் அவர், "ஏய், மேல் மலைக்குப் போ" என்றார். நீ நகரவில்லை.

"எனக்குப் பேரு இருக்குங்க. அதச் சொல்லிக் கூப்பிடுங்க."

"வாய் நீளுதா? மன்னிப்புக் கேட்டாத்தான் இனி ஒனக்கு வேலை!"

நீ மன்னிப்புக் கேட்கவில்லை. சாயங்காலம் உன் லயத்து வீட்டுக்கு வந்து கெஞ்சியவள் நான்தான். "கேட்டுரு புள்ள. நாம பொறந்ததே இப்படித்தான்."

ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே சொன்னாய்: "பொறக்கும்போது யாரும் பயந்துக்கிட்டுப் பொறக்கல. பயந்து பயந்தே பழகிட்டோம். பேசியும் பழகலாம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. உன் இரண்டு பிள்ளைகளை நினைத்துப் பார்த்தாயா என்று கத்திவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாளும் நீ பெரட்டுக்கு வந்தாய். கணக்கப்பிள்ளை உன்னை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஏய், நீ போ." என் கால் போகத்தான் பார்த்தது. ஆனால் வாய், "எனக்கும் பேரு இருக்குங்க" என்றது. பின்னால் ஒருத்தி அதையே சொன்னாள். அப்புறம் இன்னொருத்தி. கூடைகள் தரையில் இறங்கின.

கொழுந்து முற்றினால் தோட்டத்தை நடத்தும் துரைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். வெயில் ஏறியதும், பல்லைக் கடித்துக்கொண்டு உன் பெயரைச் சொன்னார். "வாரேங்க" என்று நீ கூடையை எடுத்தாய்.

சில வருஷம் கழித்து நெஞ்சுச் சளி உன்னைக் கொண்டுபோனபோது உனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. "வாய்க்காரி போய்ட்டா" என்றார்கள் சிலர். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் எரிகிறது.

போன மாதம் என் மகளின் டீச்சர், "தோட்டத்துப் பிள்ளைங்க சுபாவமே இப்படித்தான், வாயே தெறக்காதுங்க" என்றார்.

"சுபாவம் இல்லங்க டீச்சர். பேசினா அடக்கி அடக்கி வளத்துட்டோம். கேள்வி கேட்டுட்டுக் கொஞ்சம் பொறுங்க. அவ பேசுவா."

பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். டீச்சர் முன்னாலும் குரல் நடுங்கியது. நடுங்கட்டும். சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன்.