இறாக்குட்டியின் கண்

1-12-83, வியாழன்
காலையிலிருந்து தூறல். வாடைக்காற்று. பால்வாடிக்குப் பாதிப் பிள்ளைகள்தான் வந்தார்கள். உப்புமா மிச்சம்.

மத்தியானம் பட்டணத்து ஆஸ்பத்திரி ஜீப். ஆடியில் என் மகள் மல்லிகாவின் இடது கண்ணை எடுத்த அதே டாக்டரம்மா. குடும்பத்தில் எல்லாரிடமும் ரத்தம் வேண்டுமாம். ஊரே வேடிக்கை. மல்லிகா என் முந்தானைக்குள்.

"ஜீன்னு ஒண்ணும்மா. அப்பா கொஞ்சம், அம்மா கொஞ்சம் குழந்தைக்குக் குடுக்கறது. அதுல எங்கயோ ஓர் இடம் கெட்டுப்போனா இந்தப் புற்று வருது. எந்த இடம்னு வெளிநாட்டுலயும் தேடறாங்க. இன்னும் கையில சிக்கல."

என்னிடம் எடுத்தார். இவரிடம் எடுத்தார். இவருக்கும் ஒரு கண்தான். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு எப்படிப் போச்சு?"

"கெளுத்தி முள்ளு குத்திச்சிமா. கைக்கொயந்தையா இருக்கசொல்ல. நைனா சொல்வாரு."

அவர் நைனா, என் மாமனார், வலையிலிருந்து நிமிரவில்லை. ரத்தமும் தரவில்லை. "எனுக்கு இன்னா நோவு? நா எதுக்குத் தரணும்?"

நாத்தனார் கஸ்தூரிக்கு சுண்ணாம்புக்குளத்து இடம் பேசி முடிக்கிற நேரம். அந்தக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

2-12
தூக்கமில்லை. போன வருஷம் இதே மழைக்காலம். இவர் பின்னிரவில் இறாலுக்குக் கிளம்பப் பெட்ரோமாக்ஸ் ஏற்றுவார். மல்லிகாவின் இடது கண் பளிச்சென்று மின்னும். வெளிச்சம் பட்டால் இறால் கண் மின்னும் இல்லையா, அதைப் பார்த்துத்தானே கையால் அமுக்குகிறார்கள். "எங்க ஊட்டு இறாக்குட்டி" என்று தூக்கிக் கொஞ்சுவார். நானும் பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெருமை வேறு. அந்த மினுக்குதான் புற்றாம்.

மாமா மட்டும் அப்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார்.

பால்வாடிக்கு விறகு சொல்ல வேண்டும்.

5-12, திங்கள்
மல்லிகாவைக் காட்டப் பட்டணத்து ஆஸ்பத்திரி. பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரயில். ஜன்னலோரம் மல்லிகா. கொக்கு, மாடு, இன்னொரு கொக்கு. வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வலது கண்ணில் ஆடியிலேயே சின்னப் பொட்டு இருந்தது. அதற்கு வைத்த கரண்டு வைத்தியம் கேட்கவில்லை. பெரிதாகிவிட்டது. அடுத்த திங்கள் அந்தக் கண்ணையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மூளைக்குப் போய்விடும் என்றார் டாக்டரம்மா.

திரும்பும்போதும் கொக்கு எண்ணினாள்.

7-12
மழை விட்டது. பிள்ளைகள் போன பிறகு மாமா பால்வாடி வாசலில் வந்து நின்றார். தலையில் துண்டு இல்லை.

"முள்ளு இல்லமா."

முதலில் புரியவில்லை.

"அவனுக்கு முள்ளு குத்தல. கட்டி. கால்வாயில படகு வெச்சி பட்டணம் தூக்கினு போனேன். கண்ண எடுத்தாத்தான் உசுருன்னாங்கோ. வெளிய சொன்னா யாரு பொண்ணு குடுப்பா? முள்ளுனு சொல்லிட்டேன். அவனுக்கும் தெரியாது."

"அவருக்கும் மின்னிச்சா மாமா?"

"மின்னிச்சி."

"மல்லிகாவுக்கு மின்னினப்போ தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சிது. அதுவா இருக்காதுனு அம்மனாண்ட வேண்டிகினேன்."

அவர் அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. ஒரு வருஷம் முன்னால் வாயைத் திறந்திருந்தால் ஒரு கண்ணாவது. வெறுக்கிறேன். எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கப்போவதில்லை.

வயிற்றுக்குள் இன்னொன்று இரண்டு நாளாக உதைக்கிறது.

8-12
இவரிடம் நான்தான் சொன்னேன். திட்டுவார், மாமாவை அடிக்கப் போவார் என்று பயந்தேன். கேட்டது ஒன்றுதான். "அப்போ எங்கிட்டயிருந்துதான் போச்சா அவளுக்கு?"

சாப்பிடவில்லை.

11-12, ஞாயிறு
நாளைக்கு எடுக்க: பாய், போர்வை, சொம்பு, மல்லிகாவின் மஞ்சள் கவுன், பிஸ்கட்.

சாயங்காலம் அவளை ஏரிக்கரைக்குத் தூக்கிப்போனேன். எதைக் காட்டுவது? தண்ணீர், படகு, நாரை கூட்டமாக. அவளுக்கு ஒரு செத்த நண்டுதான் பிடித்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முகத்தைத் தொட்டு, "அம்மா பொட்டு வெக்கல." வீட்டுக்கு வந்து பெரிதாக வைத்துக்கொண்டேன்.

12-12
மாமாவும் வந்தார், யாரும் கூப்பிடாமல். டாக்டரம்மாவிடம் எல்லாம் சொன்னார். சட்டையைக் கழற்றிக் கையை நீட்டினார். கஸ்தூரி கல்யாணம் என்னாகும் என்று இவர் கேட்டதற்கு, "நானே போயி சொல்லினு வரேன் அவங்களாண்ட."

"இதெல்லாம் மல்லிகாவுக்கு உதவுமா டாக்டர்?"

"இவளுக்கு இல்லம்மா. இனிமே பொறக்கறவங்களுக்கு. வயித்துல இருக்கறதைப் பொறந்த உடனே தூக்கிட்டு வாங்க. ஜீன் கிடைக்கற வரைக்கும் கண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்."

"அதுக்கும் இருக்குமா?"

"பாதிக்குப் பாதி."

மல்லிகாவை உள்ளே கொண்டுபோனார்கள். என்னைப் பார்த்துக்கொண்டே போனாள். நெற்றிப் பொட்டைத்தான் பார்த்திருப்பாள்.

20-12
வீட்டுக்கு வந்து மூன்று நாள். பனி. சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. கஸ்தூரி யாரோடும் பேசுவதில்லை, மல்லிகாவுக்கு மட்டும் தலை வாரிவிடுகிறாள்.

இவர் இன்றுதான் ஏரியில் இறங்கினார். வெளுக்கும் முன்பே திரும்பிவிட்டார். பெட்ரோமாக்ஸ் அணைந்திருந்தது. கூடை காலி.

"இறா இல்லியா?"

"நெறையக் கீது. எல்லாம் மின்னுது. கைய வெக்க முடியல."

அவர் குரல் கேட்டு மல்லிகா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கூடைக்குள் கையை விட்டு, சுற்றிச் சுற்றித் தடவினாள்.

"எங்க இறா, நைனா?"