கதவுக்கு வெளியே நான்கு நிமிடம்

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

போன் செய்யாதே. குரலில் நீ எப்போதும் ஜெயித்துவிடுகிறாய். தாளில் எழுது.

நடந்ததை ஒருமுறை வரிசையாக எழுதிவிடுகிறேன். உன் வீட்டின் பின்னறை. என் லேப்டாப். கேமராவைச் சுழற்றி நான்கு சுவர், மேசைக்கு அடி, என் காதுக்குப் பின்புறம் எல்லாம் காட்டிய பிறகுதான் கேள்விகள் திறந்தன. எங்கோ ஓர் ஊரிலிருந்து ஒரு கண்காணிப்பாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அறைக்குள் வேறு ஆள் வந்தால் தேர்வு செல்லாது. உனக்கு நான் நூறு தடவை சொன்ன விதி. நூற்றுப் பதினேழாவது கேள்வியில் கதவைத் திறந்து, "ஆப்பிள் நறுக்கினேன், சாப்பிடுறியா?" என்றாய். திரை அணைந்தது.

ஒருவருக்கு மூன்று வாய்ப்பு. முதல் இரண்டும் நானே தோற்றவை. மூன்றாவதை நீ தின்றாய். இனி இந்த நாட்டில் நான் பிசியோதெரபிஸ்ட் ஆக முடியாது. உன்னைப் போலக் கடைசிவரை உதவியாளர்.

ஒரே ஒரு வழி இருக்கிறது. உள்ளே நுழைந்தவர், 'தெரிந்தே நுழைந்தேன், தேர்வு எழுதியவருக்கு இதில் பங்கில்லை' என்று கையெழுத்திட்டுத் தந்தால் தேர்வு வாரியம் அந்த வாய்ப்பைத் திருப்பித் தரும். மறதியாக நுழைந்தேன் என்று எழுதினால் தராது. தாழ்ப்பாள் இல்லாத அறையில் உட்கார்ந்தது என் தப்பு என்று முடித்துவிடுவார்கள்.

எழுதிக் கொடு.

இளையவள்


பிப்ரவரி 17

என் வாலுக்கு,

கோபத்திலும் உன் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. போர்வையைக்கூட எடுக்காமல் போய்விட்டாய். நீ பிடித்திருக்கிற வாடகை அறையில் ஜன்னல் உண்டா? வயிற்றைக் காயப்போடாமல் சாப்பிடுகிறாயா?

சத்தியமாக மறந்துவிட்டேனடி. பதினொரு மணிக்கே முடிந்திருக்கும் என்று நினைத்தேன். சத்தமே இல்லாமல் இருந்தது, பசிக்குமே என்று தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அக்கா செய்கிற காரியம்தானே அது?

கிளினிக்கில் புதிதாக ஒரு தெரபிஸ்ட் சேர்ந்திருக்கிறான். மீசை இன்னும் முழுசாக முளைக்கவில்லை. ஒரு தாத்தாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டே என் காதில், "அக்கா, இந்தத் தசைக்குப் பேரு என்ன?" என்றான். சொன்னேன். உடனே அதைத் தாத்தாவிடம் சத்தமாக ஒப்பித்தான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "துண்டெல்லாம் மடிச்சாச்சா?" ஏழு வருஷமாக மடிக்கிறேன். உன் நாலு வருஷப் படிப்பை நானும் படித்தவள் என்று அவனுக்கு யார் சொல்வது?

அந்தக் கடிதத்தை எப்படியடி எழுத? செய்யாததைச் செய்தேன் என்றா? "உன்னைக் குற்றவாளி ஆக்கிப் பாக்கணும்னு அவளுக்கு ஆசை, விடு" என்கிறார் உன் அத்தான்.

கோபம் ஆறினதும் வா.

உன் அக்கா


மார்ச் 1

அக்காவுக்கு,

மேல்முறையீடு செய்தேன். தேர்வின் வீடியோ பதிவை எனக்கு அனுப்பிவிட்டார்கள்.

எனக்குப் பின்னால் உள்ள கதவும் கேமராவில் விழ வேண்டும் என்பது விதி. விழுந்திருக்கிறது. கதவுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அதில் வெளி விளக்கின் வெளிச்சம், ஒரு கோடு. பதினொன்று இருபதுக்கு அந்தக் கோட்டில் இரண்டு நிழல்கள் வந்து நிற்கின்றன. பாதங்கள்.

நான்கு நிமிடம் பத்து விநாடி.

ஆறு தடவை பார்த்தேன். முதலில் எடை இரண்டு காலிலும் சமம். ஒன்றரை நிமிடத்தில் இடது நிழல் மெலிகிறது. குதிகால் தூக்குகிறாய். உன் இடது முழங்காலால் அதற்கு மேல் நேராக நிற்க முடியாது. வலது காலுக்கு மாறுகிறாய். சுவரில் சாய்கிறாய். மறுபடி இடதை ஊன்றிப் பார்க்கிறாய், எடுக்கிறாய். அத்தான் அன்று வேலைக்குப் போய்விட்டார். அவர் இருந்திருந்தாலும் அப்படி நிற்கத் தெரியாது. ஒரு மனிதர் நிற்பதை வைத்து அவருக்கு எங்கே வலி என்று சொல்ல நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள். யாரென்றும் சொல்லலாம்.

ஆப்பிள் வேண்டுமா என்று கேட்க யாரும் நான்கு நிமிடம் நிற்பதில்லை.

வாரியத்துக்கு நிழல் போதாது. கையெழுத்து வேண்டும். தராவிட்டால் இந்தப் பதிவை அத்தானுக்குக் காட்டுவேன். நம் சொந்தத்தில் ஒரு வீடு விடாமல் காட்டுவேன். இது யாருடைய கால் என்று மட்டும் கேட்பேன்.

இளையவள்


மார்ச் 12

வாலுக்கு,

நாலு நிமிடம்தானா? எனக்கு ஒரு பகல் போல இருந்தது.

உன் மவுஸ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். என் மூன்றாவது தேர்வில் ஒரே கேள்வியில் பன்னிரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். விடை தெரியும். விரல் அழுத்தவில்லை. நீ கடலை உரிக்கிற மாதிரி உரித்துக்கொண்டு போனாய். டிக். டிக். டிக். நடுவே ஒரு தடவை உனக்குள் சிரித்தாய். அதுவும் கேட்டது.

முதல் இரண்டு தடவை நீ தோற்றபோது உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன். அது நிஜமான அழுகை. அழுது முடித்ததும் எனக்கு நன்றாகப் பசித்தது, இரண்டு தட்டு சாப்பிட்டேன். அதுவும் நிஜம்.

இந்தத் தடவை நீ பாஸ் என்று சத்தத்திலேயே தெரிந்தது. இனி எங்கே போனாலும், "என் தங்கச்சி, பிசியோதெரபிஸ்ட்" என்று நான்தான் சொல்ல வேண்டும். பெருமையாகத்தான் சொல்வேன். அப்புறம் அவர்கள் என் பக்கம் திரும்பி, "நீங்க?" என்பார்கள்.

ஆப்பிளை நறுக்கும்போது மனதில் எதுவும் இல்லை. கதவருகே நிற்கும்போது தட்டு ஒரு சாக்கு. தெரிந்துதான் திறந்தேன்.

நீ கேட்ட வாசகத்தை ஒரு எழுத்து மாறாமல் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எடுத்துக்கொள்.

அக்கா


ஜூன் 20

அக்காவுக்கு,

வாரியம் ஏற்றுக்கொண்டது. மே மாதம் எழுதினேன். வாடகை அறையில், கதவுக்குக் குறுக்கே கட்டிலைத் தள்ளிவைத்து. பாஸ்.

அதைச் சொல்ல இந்தக் கடிதம் தேவையில்லை. இதைச் சொல்லத்தான்: வாரியத்தின் விதிப்புத்தகம், முப்பத்தொன்றாம் பக்கம். ஒருவருடைய தேர்வைத் தெரிந்தே குலைத்தவர் உதவியாளராகப் பதிவு பெற்றவர் என்றால், அந்தப் பதிவு ரத்து. உன்னிடம் கையெழுத்துக் கேட்பதற்கு முந்தைய நாள் அதைப் படித்தேன். இரண்டு கடிதத்திலும் வேண்டுமென்றே அதை விட்டுவிட்டேன்.

துண்டு மடிக்கக்கூட உனக்கு ஓர் இடம் இருக்கக்கூடாது என்று நினைத்தேன். வாரியத்திலிருந்து உனக்குக் கடிதம் வரும். இந்த வாரம் வரலாம்.

சந்தோஷமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருக்கிறது.

முதல் வருடம் யாராவது ஒரு சீனியரின் கீழே வேலை பார்த்தால்தான் லைசென்ஸ் நிலைக்கும். செப்டம்பருக்குள் சேர வேண்டும். பதினான்கு கிளினிக்குகளுக்கு எழுதியிருக்கிறேன். எதற்கும் உன்னிடம் வர மாட்டேன்.

இளையவள்


ஜூலை 22

பிசியோதெரபிஸ்ட் அம்மணிக்கு,

முதலில் வாழ்த்து. மனசாரத்தான் சொல்கிறேன், நம்பினால் நம்பு.

முப்பத்தொன்றாம் பக்கமா? அந்தப் புத்தகத்தை மூன்று தேர்வுக்கும் கரைத்துக் குடித்தவளடி நான். முப்பத்திரண்டாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லட்டுமா? என் பதிவு போகும் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். உடனே கண்ணைக் கசக்காதே, இதில் தியாகம் ஒன்றும் கிடையாது. நான் உனக்குச் செய்தது எனக்குத் தெரியும். நீயும் என் கழுத்தில் கை வைத்துவிட்டாய் என்று தெரிந்தபோது, அசிங்கமாகத்தான் இருக்கிறது, மூச்சு லேசாக வந்தது. நான் மட்டும் கெட்டவளாக இருக்க எனக்குப் பொறுக்கவில்லை.

வாரியக் கடிதம் வந்த மறுநாளே, காரணம் சொல்லாமல் வேலையிலிருந்து நின்றுகொண்டேன். சீருடையைத் துவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலாளியம்மா, "உன் தங்கச்சி பாஸாமே? எனக்கு ஆள் வேணும். எப்படி, நல்லா செய்வாளா?" என்று கேட்டார். "கையில் எடுத்தா விடமாட்டா" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்?

அவர் எழுதித் தந்த உன் வேலை உத்தரவு இதோடு இருக்கிறது. ஒரு வருடத்துக்கு, முதலாளியம்மாவின் கீழேயே. அந்தப் பதினான்கு பேரில் ஒருவர் பதில் போட்டிருந்தாலும் இதைக் கிழித்துவிடு. போட்டிருக்க மாட்டார்கள். வெளிநாட்டில் படித்து வந்தவளுக்கு இங்கே யார் பதில் எழுதுகிறார்கள்? நான் நடந்து தேய்ந்த வழிதானே அது?

ஆகஸ்ட் முதல் தேதி காலை எட்டு மணி. நோயாளிகள் தங்கமானவர்கள், வாய்தான் ஓயாது. படுக்கையில் சாய்ந்ததும் உன் முகத்தைப் பார்ப்பார்கள். நம் இரண்டு பேருக்கும் ஒரே முகம். "அவங்க உங்க அக்காவா? ஏன் வேலைய விட்டுட்டாங்க?" என்பார்கள். இன்றைக்கு ஒருவர், நாளைக்கு ஒருவர்.

நான் யாரிடமும் எதையும் சொல்லி வைக்கவில்லை. நீ சொல்லு.

அக்கா