மூன்று கூறு மீன்

8 ஜூலை 2025, செவ்வாய்

பதினெட்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

கீழ்வீட்டுப் பூமாரியின் மகள் ஜோதிகா, இரண்டாம் வகுப்பு. அவள் கணக்கு நோட்டைப் பார்த்தேன். 8 + 7 = 15. விடை சரி. குறுக்கே சிவப்பு மையில் பெரிய தப்புக்குறி! புத்தகத்தில் உள்ளபடி கோடு போட்டு எண்ணவில்லையாம். பிள்ளை மீன் வரைந்திருக்கிறாள்.

"எப்படிம்மா போட்டே?"

"எட்டுல ஒரு கூறு, மூணு மீனு மிச்சம். ஏழுல ஒரு கூறு, ரெண்டு மிச்சம். மிச்சத்த சேர்த்தா இன்னொரு கூறு. மூணு கூறு மாமா!"

பூமாரி ராயபுரம் மார்க்கெட்டில் ஐந்தைந்தாகக் கூறு வைத்து மீன் விற்பவள். அந்தப் பலகையைப் பார்த்துப் பார்த்து இவளே கண்டுபிடித்த வழி. எம்.எஸ்சி. படித்த நான் சொல்கிறேன் — இதுதான் கணக்கு.

9 ஜூலை

இன்னும் கேவலம். 'மந்தம்' என்று பட்டியலில் சேர்த்து, கணக்குப் பீரியடில் வெளியே உட்காரவைத்துப் படத்துக்கு வண்ணம் அடிக்கச் சொல்கிறார்களாம். ஏழு வயசு! இப்படியே விட்டால் இந்தப் பிள்ளைக்குக் கணக்கே இல்லாமல் போய்விடும்.

தலைமையாசிரியை யார்? ஃப்ளோரன்ஸ். பதினெட்டு வருஷம் முன்பு, நான் வாத்தியாராக இருந்த அதே பள்ளியில், எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்தவள். நான் ராஜினாமாவை எறிந்துவிட்டு வந்தேன். இன்று சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரிக்கு எடைச்சீட்டு எழுதுகிறேன்.

10 ஜூலை

லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். நோட்டை விரித்து வைத்தேன். ஃப்ளோரன்ஸ் நோட்டைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"சார், அந்த நாற்காலிய நீங்க இன்னும் மறக்கலையா?"

கத்திவிட்டேன். வாட்ச்மேன் வந்து கையைப் பிடித்தான். என்ன திமிரு! என்ன திமிரு அவளுக்கு!

11 ஜூலை

பூமாரி படியேறி வந்தாள். "இன்னாண்ணா, எம்பொண்ணுக்காகக் கேக்கப் போனியா, உன் நாற்காலியக் கேக்கப் போனியா? 'உங்க மாமா எதுக்கு வந்து கத்துனாரு'ன்னு இஸ்கூல்ல புள்ளயாண்ட கேட்டுகினு கீறாங்கோ. அது அழுதுகினு வருது."



12 ஜூலை, சனி

பள்ளித் தாளாளருக்கு நாலு பக்கம் எழுதினேன். நாற்காலி போனதிலிருந்து ஒன்றுவிடாமல், தேதி வாரியாக. ஜோதிகா வந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள்.

"மாமா, இதுல என் மீனு எங்க கீது?"

தேடினேன். நாலாம் பக்கத்தில், கடைசியில், இரண்டு வரி.

13 ஜூலை, ஞாயிறு

நாலு பக்கத்தையும் கிழித்துப்போட்டேன். புதிதாக ஒரே தாள். மேலே, ஜோதிகா கையாலேயே வரைந்த மூன்று கூறு. கீழே நான்: 'எட்டும் ஏழும் பதினைந்து என்று இப்படிக் கண்டுபிடித்த ஜோதிகா, கணக்குப் பீரியடில் ஏன் வெளியே உட்கார்ந்திருக்கிறாள்?'

கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன். என் பெயரைப் பார்த்தால் அவர்களுக்கு நாற்காலிதான் ஞாபகம் வரும். மூடிவிட்டேன்.

மொட்டைக் கடுதாசி எழுதுகிறவர்களை இத்தனை காலம் கோழைகள் என்று திட்டியவன் நான். இருக்கட்டும். நாளைக் காலை வேலைக்குப் போகிற வழியில் தபால்பெட்டியில் போடுகிறேன்.

யார் எழுதியது என்று தேடுவார்கள். அதற்காவது அந்த மீன்களைப் பார்த்துத்தானே ஆகவேண்டும்.