தெற்கே ஏழு மாதம்

ஆகஸ்ட் 19, 2018

மதியம் முழுக்க வண்டிக்குள்ளேயே இருந்தேன். வண்டி எங்கும் போகவில்லை. கொட்டகைக்குப் பக்கத்தில் அறுவடைப் புழுதி படிந்து நிற்கிறது. இருபத்து நாலு அடி மோட்டார்ஹோம்: ஓர் அடுப்பு, ஒரு கட்டில், திரும்பினால் முழங்கை இடிக்கிற குளியலறை. முன் இருக்கையில் உட்கார்ந்தால் கண்ணாடி முழுக்கக் கோதுமை. காற்றில் அது கடல் மாதிரி இருக்கும் என்பார்கள். எனக்குத் தெரியாது. அறுபத்து மூன்று வயதாகிறது, கடலைப் பார்த்ததில்லை. முப்பத்தொரு வருஷம் கனடாவின் இந்தக் கோதுமை ஊர்த் தபால் அலுவலகத்தில் உட்கார்ந்து, மற்றவர்களின் கடிதங்களைக் கடல் தாண்டி அனுப்பியதோடு சரி.

மடியில் செலவுத்தாள். என்னுடையதும் என் கணவன் கார்னெட்டுடையதுமாக இரண்டு ஓய்வூதியம், வீட்டை வாடகைக்கு விட்டால் வருவது, எல்லாம் சேர்த்து மாதம் 3,950 டாலர். பெட்ரோல், சாப்பாடு, வண்டி நிறுத்தும் இடம், பழுதுபார்ப்பு, மருத்துவக் காப்பீடு, எல்லாம் போக 410 மிஞ்சுகிறது. அக்டோபரில் கிளம்பினால் ஏழு மாதம். மெக்சிகோ. முடிந்தால் அதற்கும் கீழே.

ஊர்ப்பெயர்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். மசட்லான். சான் பிளாஸ். சர்க்கரை மிட்டாய்போல் கரைகின்றன.

கார்னெட் ஜன்னலைத் தட்டினான். “எந்த ஊர்ல இருக்க?”

“இரு, இன்னும் எல்லை தாண்டல.”

செப்டம்பர் 11

கார்னெட்டின் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டான். வேறு எதுவும் எழுதக் கை வரவில்லை.

செப்டம்பர் 30

தானியக் கிடங்கை முப்பது வருஷம் நடத்தியவன், இப்போது அஞ்சல்பெட்டிவரை நடந்துவிட்டு வந்து மூச்சு வாங்குகிறான். வண்டியை விற்றுவிடலாமா என்று கேட்டேன். வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு போய் அதன் முன்கண்ணாடியைத் துடைத்தான். ஒரு மணி நேரம்.

நவம்பர் 20

காப்பீட்டுக்காரர்கள் விலை சொல்லிவிட்டார்கள். எனக்கு மாதம் 230. அவனுக்கு 1,480.

நான் இருவருக்கும் சேர்த்துப் போட்டிருந்தது அறுநூறு. நாலு முறை கூட்டிப் பார்த்தேன். மாதம் எழுநூறு துண்டு விழுகிறது. வண்டி வாங்கியது போகச் சேமிப்பில் இருப்பது மூவாயிரம். அவனோடு போனால் நாலு மாதம்தான்.

“அந்த ஸ்டென்ட்டை எழுதாம விட்டா என்ன?” என்றான். “அவன் என்ன நெஞ்சைக் கிழிச்சா பாக்கப் போறான்?”

“பொய் சொல்லிட்டுப் போயி, அங்க நீ விழுந்தா ஒரு சென்ட் தரமாட்டான். வீட்டை விக்கணும்.”

“அப்ப நாலு மாசம் நான் வர்றேன். மிச்சம் மூணு மாசம் நீ இரு.”

சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. “ரெண்டு பேரும் இல்லன்னா பயணமே இல்ல” என்று தாளை மடித்து வைத்துவிட்டேன். என்ன பேச்சு இது? நான் தனியாகவா?

டிசம்பர் 9

டாக்டர் சரி என்றார். மூன்று மாதமாக மருந்து மாறவில்லை, போகலாம். ரெஜைனாவிலிருந்து ஜனெல் தொலைபேசியில் கத்தினாள். “அம்மா, உனக்குப் பைத்தியமா? அப்பாவ டாக்டர் இல்லாத ஊருக்கு இழுத்துட்டுப் போற!”

“அங்கயும் மனுஷங்கதான்டி இருக்காங்க. அவங்களுக்கும் நெஞ்சு வலிக்கும்.”

சொல்லிவிட்டேன். பதினைந்தாம் தேதி கிளம்புகிறோம். நாலு மாதம். ஏப்ரல் நடுவில் இருவரும் வீடு திரும்புவோம்.

ஜனவரி 14, 2019

அமெரிக்காவை மெதுவாகக் கடந்து, மெக்சிகோ எல்லை தாண்டினோம். வண்டியை உள்ளே கொண்டுபோக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். யார் பெயரில் எழுதுகிறார்களோ அவர்தான் அதைத் திரும்ப வெளியே கொண்டுவரப் பொறுப்பு. என் கடவுச்சீட்டை எடுத்து மேசையில் முதலில் வைத்தான் கார்னெட்.

“ஏன், உன் பேருக்கு என்ன?”

“உன் கையெழுத்து அழகு.”

முப்பத்தொன்பது வருஷத்தில் என் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரி 17

கடல்.

பிப்ரவரி 8

ஓடினால்தான் செலவு. நின்றால் இல்லை. இது வீட்டில் எந்தத் தாளிலும் எனக்குத் தெரியவில்லை. பதினோரு நாளாக ஒரே கடற்கரையில் நிற்கிறோம். பெட்ரோல் கணக்கு வெறும் கோடு. காலையில் மீனவர் மனைவி எஸ்பெரான்சா படகடியில் மீன் விற்கிறாள். பேரம் பேசாவிட்டால் கோபித்துக்கொள்கிறாள். ஸ்பானிஷில் எனக்கு எண்கள் மட்டும் தெரியும், அவளுக்கு அது போதும்.

மதியம் அலைக்கும் காற்றுக்கும் நடுவில் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று தெரிவதில்லை. கூழைக்கடாக்கள் வரிசையாகக் கடலில் விழுகின்றன, எழுகின்றன. கிழமை மறந்துபோகிறது. என் உடம்பு எனக்குக் கடன் வாங்கிய சட்டைபோல் இவ்வளவு நாள் இருந்ததோ? இப்போதுதான் அளவாக இருக்கிறது.

மார்ச் 3

மலைச்சாலையில் கார்னெட்டுக்கு மயக்கம் மாதிரி வந்தது. ஓரம் கட்டினான். “நீ ஓட்டு.” இதுவரை நான் வெறும் சமவெளியில்தான் ஓட்டியிருக்கிறேன். லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன, ஒரு பக்கம் பள்ளம். வாய்விட்டுத் திட்டிக்கொண்டே அறுபது கிலோமீட்டர் ஓட்டினேன். கீழே இறங்கியதும் அவன் சொன்னான்: “இவ்வளவு கெட்ட வார்த்தையும் தபால் ஆபீஸ்லயா கத்துக்கிட்ட?”

அடிவாரத்து ஊரில் ஒரு டாக்டர் பார்த்தார். நெஞ்சு நன்றாக இருக்கிறதாம். வெயிலும் தண்ணீர் குடிக்காததும்தான்.

ஏப்ரல் 2

அவன் தினமும் ஊர் வானிலை பார்க்கிறான். பனி எவ்வளவு உருகியது, மண் எவ்வளவு ஈரம். அவனுடைய அண்ணன் மகன் கிளின்ட் இந்த வருஷம் தனியாக விதைக்கிறான். அதைப் பற்றியே பேச்சு. தெற்கே போகவேண்டும் என்று இருபது வருஷம் சொன்னவன் அவன். கணக்குப் பார்த்துக் காலைப் பிடித்து இழுத்தவள் நான். இப்போது அவன் கண் வடக்கே.

நான் மூட்டை கட்டவில்லை. கட்ட வேண்டிய நாள் வந்தும் கட்டவில்லை. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“வெர்னா, உனக்குப் போக மனசில்ல.”

“உனக்கு இருக்க மனசில்ல.”

“அப்ப யாரும் யாரையும் இழுக்க வேணாம்” என்றான். “நவம்பர்ல நான் சொன்னது உன்னைக் கழட்டிவிட இல்ல.”

அழுதேன். ஏன் என்று எனக்கே புரியவில்லை. துக்கம் மட்டும் இல்லை. பிறகு முகம் கழுவிக்கொண்டு புதுத் தாளில் போட்டேன். அவன் காப்பீடு இல்லை, சாப்பாடு பாதி, ஊரில் அவனுடைய கைச்செலவுக்கு ஐந்நூறு. மாதம் 580 மிஞ்சுகிறது. தப்பு இருக்கும் என்று இரண்டு பேரும் தனித்தனியாகக் கூட்டினோம். தப்பு இல்லை.

ஏப்ரல் 15

மசட்லான் விமான நிலையம். எங்கள் வீட்டில் வாடகைக்காரர்கள் தொடர்கிறார்கள், கிளின்ட் வீட்டு மாடியறை அவனுக்காகத் தயார். ஜனெல் என்னோடு பேசுவதில்லை. அப்பாவோடு மட்டும் பேசுகிறாள். உள்ளே போகும்முன் கார்னெட் என் காதில் சொன்னது: “டயர்ல காத்துப் பாரு. நீ தண்ணி குடி.” முத்தம் கொடுத்தான். தொப்பியை என் தலையில் வைத்துவிட்டுப் போனான்.

வண்டிக்குத் திரும்பி, ஓட்டுநர் இருக்கையை முன்னால் இழுத்தேன். என் காலுக்குச் சரியாக.

ஏப்ரல் 21

சான் பிளாஸ். தென்னைமரங்களுக்கு அடியில், நாளுக்கு ஏழு டாலர். கொசுவைவிடச் சின்னதாக ஒரு பூச்சி மாலையில் கடித்துக் கொல்கிறது. எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கார்னெட் கூப்பிட்டான். மண் இன்னும் ஈரம், விதைப்பு தொடங்கவில்லை. குரலில் வாலிபம் வந்திருக்கிறது. மாத்திரை போட்டானா என்று கேட்டேன், டயரில் காற்றுப் பார்த்தாயா என்று கேட்டான்.

“எப்ப திரும்புவ?”

“மழைக்காலம் ஆரம்பிச்சதும்.”

“அங்க மழை எப்ப ஆரம்பிக்கும்?”

“இங்க யாரையாவது கேக்கணும்” என்றேன்.

இன்னும் யாரையும் கேட்கவில்லை.